கொள்கலனுள் எழுதப்படாதவை

ஒரு பொருள் தானே நிற்கின்றது என்று கூறுதல் எளிது; அது எவற்றின்மீது நிற்கின்றது என்று கூறுதலே அரிது. வீட்டைக் காட்டுவோர் சுவரையும் கூரையையும் காட்டுவரேயன்றி அத்திவாரத்தைத் தோண்டிக் காட்டுவதில்லை. கணினிச் செய்நிரல்களின் நிலையும் இத்தகையதே. ஒருவர் தம் கையால் எழுதிய வரிகள் சில ஆயிரமெனின், அவை இயங்குதற்கு வேண்டப்படும் பிறருடைய வரிகள் பல இலட்சமாகும். ஒரு மென்பொருள் இவ்வாறு பிறவற்றை வேண்டிநிற்கும் தன்மையைச் சார்பு என்பர். சார்புகளை அறிந்து, எழுதிவைத்து, பேணுதல் வெறுந் தொழில்நுட்பக் காரியமாகவே பலருக்குத் தோன்றும். ஆயின் அதனுள் மனிதர்பாற் கொள்ளவேண்டிய பொறுப்பொன்றும் அடங்கியுள்ளது.

இத்துறையில் இன்று பெருவழக்கிலுள்ள கொள்கலன் என்னும் பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவாக் துறையிலிருந்து ஹியூஸ்டனை நோக்கிப் புறப்பட்டது. பெட்டிக்குள் இருப்பது எதுவாயினும் பாரந்தூக்கிக்கு அது ஒரே அளவான பெட்டியே. அதனாற் கப்பல் வாணிகம் மாறிற்று. 2013இல் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் அவ்வெண்ணத்தைக் கணினிக்குக் கொணர்ந்தது. செய்நிரலையும் அதற்குரிய நூலகங்களையும் கோப்புகளையும் ஒருங்கே கட்டிய பொதியைப் படிமம் என்பர். எந்தக் கணினிக்குக் கொண்டுசென்றாலும் அப்படிமம் ஒரே வகையாய் இயங்கவேண்டும் என்பதே நோக்கம். படிமத்தை ஆக்கும் முறை ஒரு சிறு கோப்பில் வரிசையாக எழுதப்படும். ஒவ்வொரு கட்டளையின் விளைவும் ஓர் அடுக்காக முன்னைய அடுக்கின்மேல் அமரும். கீழடுக்கில் இட்டதை மேலடுக்கில் அழித்தால் அது கண்ணுக்கு மறையுமேயன்றிப் படிமத்தின் எடை குறையாது.

கொழும்பிலே மென்பொருள் நிறுவனமொன்றிற் பணிபுரிந்த இளைஞன் ஒருவனுக்கு இத்தகைய படிமம் ஒன்று பொறுப்பாக வந்தது. மருத்துவமனையொன்று நோயாளருக்கு அனுப்பும் கடிதங்களை அவரவர் விரும்பிய மொழியில் அச்சுக்குரிய வடிவில் ஆக்கித் தருவது அதன் தொழில். ஆவணங்களை மாற்றுதற்கு லிபரொபிஸ் என்னும் மென்பொருள் அதனுள் வைக்கப்பட்டிருந்தது. படிமமோ மிகப் பருத்திருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அதனைக் களஞ்சியத்துக்கு ஏற்றி இறக்குவதில் நேரம் விரயமாயிற்று. பொதிகள் மிகுந்தால் அவற்றிற் காணப்படும் பாதுகாப்புக் குறைகளும் மிகும் என்பதும் உண்மை. ஆகவே அவன் அதனை மெலிவிக்கத் துணிந்தான்.

அவன் செய்தது பாடநூல் முறைப்படியான வேலையே. தொகுப்பதற்கு மட்டும் வேண்டிய கருவிகளை முதற் கட்டத்தில் நிறுத்தி, முடிந்த பொருளை மாத்திரம் இரண்டாங் கட்டத்துக்கு எடுத்துச் சென்றான். அப்படிமத்துக்கு அடித்தளமாயிருந்த டெபியன் முறைமையிற் பொதியொன்றை நிறுவும்போது அதற்கு இன்றியமையாதனவற்றோடு பரிந்துரைக்கப்பட்ட பொதிகளும் உடன்வருவது இயல்பு. 'பரிந்துரைகள் வேண்டா' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அவை வாரா. அச்சொல்லை அவன் சேர்த்தான். படிமம் பாதிக்குங் குறைவான அளவாயிற்று. சோதனைகள் யாவும் தேறின. ஆங்கிலக் கடிதத்தைத் திறந்து பார்த்தான். சிங்களக் கடிதத்தைப் பக்கத்து மேசை நண்பனிடம் காட்டினான். இரண்டும் செம்மையாக இருந்தன. அலுவலகத்தார் பாராட்டினர்.

மூன்றாவது வாரம் மருத்துவமனையிலிருந்து முறைப்பாடொன்று வந்தது. வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸேறிக் கொழும்புக்கு வந்த முதிய தாயொருவர், காலையிலே தேநீரும் பணிசும் உண்டபின் இரத்தப் பரிசோதனைக்குச் சென்றிருக்கின்றார். வெறுவயிற்றுடன் வருமாறு கடிதத்திற் கூறப்பட்டிருந்ததே என்று தாதி கேட்டபோது, அவர் தம் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அதிலே திகதி இருந்தது, நேரம் இருந்தது, ஏனைய இடமெங்கும் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்களே இருந்தன. பரிசோதனை நடைபெறவில்லை. அவர் மீண்டும் பஸ்ஸேறினார்.

அன்று மாலை அவ்விளைஞன் செய்முறைக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். அவனினும் பல்லாண்டு மூத்த பெண் பொறியியலாளர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார்.

"அக்கா, நான் ஒண்டையும் அழிக்கேல்லை. கேட்காமல் வந்ததைத்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"கேட்காமல் வந்ததெண்டு ஆர் சொன்னது, தம்பி? அது வேணுமெண்டு கேட்கிற ஆக்கள் இந்த அறையிலை இருக்கேல்லை. அவ்வளவுதான்."

இருவரும் பழைய படிமத்தையும் புதியதையும் ஒப்புநோக்கினர். காரணம் தெளிவாயிற்று. லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் பெயர்தாங்கிய சிங்கள எழுத்துருப் பொதி செய்முறைக் கோப்பிலே பெயர் சுட்டி எழுதப்பட்டிருந்தது. முதலில் ஆக்கியவர் சிங்களக் கடிதத்தைச் சோதித்தபோது குறை கண்டு அதனைச் சேர்த்திருக்க வேண்டும். தமிழ் எழுத்துருவை எவரும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் எழவில்லை. லிபரொபிஸ் பரிந்துரைத்த நோட்டோ எழுத்துருக்களின் தொகுதியுள் அது தானாக வந்து சேர்ந்திருந்தது. எவரும் அழைக்காது வந்து, எவரும் அறியாது உழைத்து, எவரும் நோக்காதபோது நீங்கிற்று. எழுத்துரு இல்லையெனக் கணினி பிழை கூறுவதுமில்லை. கட்டமொன்றை வரைந்துவிட்டு மேலே செல்லும். நோட்டோ என்னும் பெயரே அத்தகைய வெற்றுக் கட்டங்கள் இனி இல்லாதொழிக என்னும் கருத்தில் இடப்பட்டது என்பது ஈண்டு நினையத்தக்கது.

இதில் எவருடைய வன்மமும் இல்லை. சிங்கள எழுத்துருவை எழுதியவரும் தீங்கு செய்தாரல்லர், மெலிவித்தவனோ தமிழன். தீங்கு நேர்ந்தது எழுதாமையினால். எழுதப்படாத சார்பு தற்செயலான தயவில் வாழ்கின்றது. சிக்கனம் வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே. சார்பெனப்படுவது செய்நிரல் எழுதுவோன் இறக்கிக்கொண்ட நூலகங்கள் மட்டுமன்று. எழுத்துரு, நேர வலயம், சான்றிதழ், எழுத்துக்களை வரிசைப்படுத்தும் முறை ஆகிய யாவும் சார்புகளே.

இவ்வுண்மை உலகளாவியது. 2016ஆம் ஆண்டு மார்ச்சில், சொல்லின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்பும் 11 வரிச் சிறு நிரலொன்றை அதன் ஆசிரியர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதனை நேரே கேட்டோர் சிலரே. ஆயினும் பிறவற்றின் வழியாக அறியாமலே சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான ஆக்கங்கள் தடைப்பட்டன. 2021 டிசெம்பரில் லொக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்தில் ஆபத்தான ஓட்டையொன்று வெளிப்பட்டபோது, பல நிறுவனங்களுக்குத் திருத்துவதினும் கடினமாயிருந்தது, அந்நூலகம் தம்மிடம் எங்கெங்கு உள்ளது எனக் கண்டறிதலே.

பதிப்புகளை எண்ணிட்டுப் பூட்டுதலும், 'அண்மையது' என்னும் மாறும் பெயரை நம்பாது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்ணினால் அடிப்படிமத்தைச் சுட்டுதலும் இதற்குரிய மருந்துகளாம். ஆயின் பூட்டிவிட்டு மறத்தலும் தவறு. பூட்டிய நூலகத்துக்குப் புறத்தே வரும் திருத்தங்கள் உள்ளே புகா. பழைய ஓட்டைகள் அப்படியே கிடக்கும். ஆகவே பூட்டவும் வேண்டும். காலந்தோறும் திறந்து பார்த்து, புதுக்கி, மீண்டும் பூட்டவும் வேண்டும்.

அவ்விளைஞன் மெலிந்த படிமத்தை மீண்டும் பருக்கச் செய்யவில்லை. பரிந்துரைகள் வேண்டா என்னும் சொல்லை அவ்வாறே விட்டு, நோட்டோ எழுத்துருப் பொதியின் பெயரைத் தனி வரியில் எழுதினான். அதன்கீழே இன்னொரு கட்டளை: படிமம் ஆகும்போதே, தமிழை எழுதவல்ல எழுத்துரு உள்ளே உண்டா என்று வினவுவது, இல்லையெனின் ஆக்கத்தையே நிறுத்திவிடுவது. சிங்களத்துக்கும் அதே வினாவை எழுதினான். இனி எவர் மெலிவித்தாலும் கணினி மௌனமாய்க் கட்டம் வரையாது. அவ்விடத்திலேயே நின்று காரணம் கேட்கும்.

மூத்தவர் அதனைப் படித்துப் பார்த்து, மேலே ஒரு குறிப்பும் எழுதுமாறு கூறினார். அவன் எழுதினான்: இவ்வரியை நீக்கினால் தமிழிற் கடிதம் பெறுவோர் அதனை வாசிக்க முடியாது. அக்குறிப்பைக் கணினி வாசிப்பதில்லை. நாளை அவன் இருக்கையில் வந்தமர்ந்து, படிமத்தை இன்னும் சிறிதாக்க விரும்பும் மற்றொருவர் வாசிப்பார்.