பியூன் இல்லாத நாளின் தாகம்

டிசம்பர் 6 அன்று கல்யாணில் தாதர் ரயிலைப் பிடித்தால் பெட்டியெங்கும் வெள்ளை உடைகளும் நீலக் கொடிகளும். எல்லோரும் போவது சைத்யபூமிக்கு: 1956ல் அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட கடற்கரை.

அருகே சிவாஜி பூங்காவில் வரிசையாகப் பந்தல்கள். சாப்பாடும் குடிநீரும் இலவசம். பாட்டு காதைத் துளைக்கிறது. ஆனால் நெரிசல் என்னவோ புத்தகக் கடைகளில்தான்.

அந்தக் குடிநீருக்கு ஒரு பள்ளிக்கூடக் கதை உண்டு. 1900 நவம்பர் 7ல் சதாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அம்பேத்கருக்கு வயது ஒன்பது. வகுப்பில் தனியாக உட்கார வீட்டிலிருந்தே கோணிப்பை கொண்டு போக வேண்டும். குழாயைத் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால் உண்டு. பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இதை அவரே எழுதியிருக்கிறார்.

பொதுக் கிணறுகளும் அரசுப் பள்ளிகளும் எல்லோருக்கும் உரியவை என்று 1923ல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் ஏற்றது. காகிதத்தில் இருந்த உரிமையை நிலைநாட்ட 1927 மார்ச் 20ல் மஹாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அவர் பள்ளியில் சேர்ந்த நாளை மாணவர் தினமாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது 2017ல்தான்.

மாட்டுங்கா தமிழர்களுக்கு நடக்கும் தூரத்தில், இந்து காலனியில் இருக்கிறது ராஜகிருஹம். தன் புத்தகங்களுக்காகவே அவர் கட்டிய வீடு.

மாலை கல்யாண் ரயிலில் உட்கார இடமில்லை. பலர் மடியிலும் பையிலும் புத்தகங்கள்.