விசுவமடுவில் நின்ற வான்

2011ஆம் ஆண்டு ஆவணி மாதம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டியதும் எங்கள் டீசல் வான் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. இருபுறமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள்; வீதியை விட்டு இறங்க முடியாது. சாரதி திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார்.

தையல் பயிற்சிக்குப் பதிய எங்களோடு வந்த அக்கா ஒருவர் எழுந்தார்.

“தம்பி, நிப்பாட்டுங்கோ. எஞ்சின் நல்லாச் சுத்துது, பற்றரியில பிழையில்லை. பின்னால புகையே வரேல்லை. டீசல் போய்ச் சேரேல்லை.”

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் எரியும். ஆனால் குழாயில் காற்றுப் புகுந்தால் எரிபொருள் ஏறாது. பில்டருக்கு வரும் குழாயின் பூட்டு தளர்ந்து ஈரமாயிருந்தது. அதை இறுக்கினார். பில்டரின் தலையிலிருந்த சிறிய ஆணியைத் தளர்த்திக் கைப்பம்பை அமத்தினார். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் ஆணியைப் பூட்டினார். வான் உறுமியது.

“அவர் உழவு இயந்திரம் திருத்தேக்க நான்தான் விளக்குப் பிடிக்கிறது” என்றார்.

அவருடைய படிவத்தில் ‘தொழில் தெரியாது’ என்று எழுதியவள் நான். அன்றிரவே அதை வெட்டி, ‘டீசல் இயந்திரம் திருத்துவார்’ என்று எழுதினேன். கேட்கத் தெரியாதது என் பிழை. சகோதரிகளே, நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.