அணைக்குள் படியும் மண்

சென்ற அக்டோபர் மாதம் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் புவியியல் ஆசிரியையுடன் வைகை அணைக்கு உலாச் சென்றோம். புளிசாதப் பொட்டலங்களும் பாட்டுமாகப் பேருந்து புறப்பட்டது. ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வணை 111 அடி உயரமுடையது; 71 அடி வரை நீரைத் தேக்கலாம். பூங்காவைச் சுற்றி மகிழ்ந்திருந்த எங்களிடம் ஆசிரியை, "இந்த 71 அடியும் தண்ணீர்தானா?" என்று கேட்டார்கள். நாங்கள் விழித்தோம்.

அடியில் வண்டல் படிந்து கொண்டே வரும் என்றும், படகில் சென்று ஒலியலைகளால் ஆழம் அளந்து, அணை கட்டியபோதிருந்த கொள்ளளவுடன் ஒப்பிட்டு அதனைக் கணக்கிடுவர் என்றும் விளக்கினார்கள். எங்களிடம் படகு ஏது? ஆனால் விடுதித் தோழி ஒருத்தியின் ஊர் வருசநாட்டு மலைப்பகுதி. தீபாவளிக்கு ஊர் சென்றவள் ஓடையின் வெள்ளநீரை ஒரு லிட்டர் புட்டியில் கொணர்ந்தாள். இரண்டு நாள் தெளியவிட்டு, அடிமண்ணை உலர்த்தி, வேதியியல் ஆய்வகத் தராசில் நிறுத்தோம். 2 கிராம்! "இவ்வளவுதானா?" என்று சிரித்தோம்.

பின்னர் கணக்குப் போட்டோம். லிட்டருக்கு 2 கிராம் எனில் கனமீட்டருக்கு 2 கிலோ. நொடிக்கு 1,000 கன அடி, அதாவது சுமார் 28 கனமீட்டர், இத்தகைய வெள்ளம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 4,800 டன்னுக்கு மேல் மண் வரும். பத்து டன் லாரிகள் 480! எங்கள் சிரிப்பு அடங்கியது. "தரையோடு உருண்டுவரும் மணல் உங்கள் புட்டியில் அகப்படவில்லையே" என்றார்கள் ஆசிரியை.

"மலையை உழுது கெடுப்பவர்களே காரணம்" என்று முடிவுரையும் எழுதிவிட்டோம். அதைப் படித்த தோழியின் கண்கள் கலங்கின. "எங்க அப்பாவும் சரிவிலதான் உழுறாங்க. போறது எங்க மண்ணுதானே? கல்வரப்புப் போடக் கூலிக்குக் காசில்ல" என்றாள். எங்களுக்கு நாணமாகிவிட்டது.

அமெரிக்க அறிஞர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இல் வெளியிட்ட சமன்பாட்டை ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்கள். மழையின் வேகம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலத்தை மூடிய பயிர், காப்பு முறை ஆகிய ஆறையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நிலம் இழக்கும் மண்ணின் அளவு கிடைக்கும். அதில் ஒரு பங்கே அணையை அடையும். எஞ்சியது வழியில் தங்கும். "மழையை நாம் மாற்ற முடியாது. ஆனால் பெருக்கலில் ஓர் எண் பாதியானால் விடையும் பாதியாகும். நம் கையிலுள்ள எண் எது?" என்றார்கள்.

அரையாண்டு விடுமுறையில் பெற்றோர் அனுமதியுடன் எங்களுள் அறுவர் தோழியின் ஊருக்குச் சென்றோம். அவள் தந்தையார் காட்டிய இடத்தில் சரிவுக்குக் குறுக்கே கல் சுமந்து நாற்பது அடி நீள வரப்பு அமைத்தோம். கைகள் கொப்பளித்தன. கோடை மழைக்குப் பின் அவள் எழுதினாள்: "வரப்புக்கு மேற்புறம் இரண்டு விரற்கடை மண் தங்கியிருக்கிறது."

அணைக்கு அது ஒரு பொருட்டல்ல என்பதை அறிவோம். ஆயினும் முடிவுரையை அடித்துவிட்டு, அந்த இரண்டு விரற்கடையை எங்கள் கணக்கின் கடைசி வரியாக எழுதி வைத்தோம்.