மலையாளம்னு நினைச்சேன், ஆர்மீனியன்!

முதல்லயே சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி-யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு செகண்ட் லாங்வேஜ். ஒற்றுப்பிழை எங்கயாவது இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டிக்கோங்க, என்னை விட்டுடுங்க.

போன டிசம்பர்ல ஒரு இன்டர்வியூவுக்காக சென்னை போயிருந்தேன். அது ஊத்திக்கிச்சு, அந்தக் கதை வேண்டாம். பாரிமுனைப் பக்கம் சும்மா நடந்தப்போ ஆர்மீனியன் தெருவுல ஒரு பழைய சர்ச் கண்ணுல பட்டுச்சு. உள்ள போனா, வெளி முற்றத்துல வரிசையா கல்லறைக் கற்கள். எழுத்தெல்லாம் வளைவு வளைவா இருந்துச்சு. ஒரு எழுத்து, குதிரை லாடத்தைக் கவிழ்த்து வச்ச மாதிரி. மலையாள 'ற' அப்படியேதான் இருக்கும்னு கேரளா பஸ் போர்டுல பார்த்த ஞாபகம். ஃபோட்டோ எடுத்து என் ரூம்மேட்டுக்கு அனுப்பி, "ஏய், மலையாளம்டி, படிச்சு சொல்லு"ன்னேன். அவ கூடலூர்ப் பொண்ணு, வீட்ல மலையாளம் பேசறவ.

ரெண்டு நிமிஷத்துல ரிப்ளை: "இது மலையாளம் இல்லடி. மலையாளமா இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது."

அந்த ரெண்டாவது வரிதான் ஊருக்குத் திரும்பற வரைக்கும் மண்டைக்குள்ள ஓடுச்சு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

அந்தக் கல்லுல இருந்தது ஆர்மீனியன். 1712-ல் முதல்ல கட்டி, 1772-ல் மறுபடி கட்டின சர்ச் அது. கடல் வியாபாரத்துக்காக வந்த ஆர்மீனியர்கள் மெட்ராஸ்ல செல்வாக்கா இருந்தாங்க. சைதாப்பேட்டையில அடையாற்றுக்குக் குறுக்கே 1726-ல் பாலம் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் ஒரு ஆர்மீனிய வியாபாரிதான். உலகத்துலயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை எங்க வந்துச்சு தெரியுமா? ஆர்மீனியாவுல இல்ல, நம்ம மெட்ராஸ்ல! 1794-ல் ஹருத்யுன் ஷ்மவோன்யான்னு ஒரு பாதிரியார் 'அஸ்தரார்'ங்கற மாசப் பத்திரிகையை ஆரம்பிச்சார். ரெண்டு வருஷம் போல வந்து நின்னு போச்சு. அவரோட கல்லறையும் அதே சர்ச்லதான் இருக்கு.

சரி, எழுத்து ஒரே மாதிரி தெரிஞ்சா மொழியும் சொந்தமா? இல்லவே இல்ல. ஆர்மீனிய எழுத்தை 405-ல் மெஸ்ரோப் மஷ்டோட்ஸ்னு ஒரு துறவி உருவாக்கினார். மொத்தம் 36 எழுத்து, பின்னாடி ரெண்டு சேர்ந்துச்சு. மலையாள எழுத்து நம்ம பக்கத்து கிரந்தத்துல இருந்து வந்தது. அந்த லாட எழுத்துகூட மலையாளத்துல 'ற', ஆர்மீனியன்ல 'வொ'. சும்மா தற்செயல்.

ஆனா உள்ள போனா செம சுவாரசியம். நம்ம 'ர', 'ற' மாதிரி மலையாளத்துல ரெண்டு இருக்குல்ல? ஆர்மீனியன்லயும் ரெண்டு ர இருக்கு, தனித்தனி எழுத்தோட. பேச்சுல நாம ரெண்டையும் ஒண்ணாக்கிட்டோம். மலையாளிங்க இன்னும் பிரிச்சுத்தான் சொல்றாங்க.

அப்புறம் ஆண், பெண் விஷயம். தமிழ்ல வந்தான், வந்தாள். மலையாளத்துல அவன், அவள் உண்டு, ஆனா வினை மாறாது. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. ஆர்மீனியன்ல வினை ஆளுக்கு ஏத்த மாதிரி மாறும், ஆனா அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், 'நா'. எங்க வீட்டுத் தெலுங்கு இன்னொரு ரகம். நான் வந்தாலும் எங்க அவ்வா 'வச்சிந்தி'ம்பாங்க, கிருஷ்ணகிரி பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'ம்பாங்க. பெண்ணுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே விகுதி. இதை அவ்வாகிட்டயே கேட்டேன். "பஸ்ஸாவது டைமுக்கு வருது"ன்னுட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடன் சொல் கதை. ஆர்மீனியன்ல ஈரானிய மொழிச் சொற்கள் அவ்வளவு இருந்ததால, அதை ஈரானிய மொழியோட ஒரு கிளைன்னே ரொம்ப நாள் நினைச்சிருக்காங்க. 1875-ல் ஹ்யூப்ஷ்மன்னு ஒரு ஜெர்மன் அறிஞர் கடன் சொற்களை ஒதுக்கிட்டு, மிச்சம் இருந்த அடிப்படைச் சொற்களைப் பார்த்து, இது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துல தனிக் கிளைன்னு நிரூபிச்சார். ரெண்டுக்கு ஆர்மீனியன்ல 'யெர்க்கு'. இங்கிலீஷ் 'டூ', இந்தி 'தோ' எல்லாத்துக்கும் அதே மூலம்தான்னா நம்ப முடியுதா? மலையாளத்துலயும் சமஸ்கிருதச் சொல் நிறைய. ஆனா ஒண்ணு, ரெண்டு எண்ணச் சொன்னா ஒந்நு, ரண்டு, மூந்நு, நாலுன்னு நம்ம வீட்டுப் பிள்ளைன்னு உடனே தெரிஞ்சிடும். நான் பேசற தமிழ்ல பாதி இங்கிலீஷ்னு சித்தப்பா கிண்டல் பண்ணும்போதெல்லாம் இனிமே ஹ்யூப்ஷ்மனைக் கூப்பிடலாம்னு இருக்கேன்.

ஆனா அவ்வளவு ஈசியா தப்பிக்க முடியல. மலையாளம் பேசறவங்க 2011 சென்சஸ் படி சுமார் 3.5 கோடி. அந்த மொழிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கூடலூர்ல என் ரூம்மேட் வீட்ல அது அவளோட நின்னு போகலாம். ஆர்மீனியனுக்கு 1,600 வருஷமா சொந்த எழுத்து இருக்கு, அச்சு இருக்கு, ஒரு நாடும் இருக்கு. இருந்தும் 1915 இனப்படுகொலைக்குத் தப்பிச்சு பெய்ரூட், பாரிஸ்னு சிதறினவங்களோட மேற்கு ஆர்மீனியனை யுனெஸ்கோ அழியும் ஆபத்துல இருக்கற மொழியா வச்சிருக்கு. எழுத்து இருந்தா மட்டும் மொழி பிழைச்சிடாதுன்னு அதைப் பார்த்துப் புரிஞ்சுகிட்டேன். ஆனா சென்னையில அந்தச் சமூகமே இல்லாம போன பிறகும், கல்லுல இருக்கறதைப் படிக்க எங்கயோ ஒருத்தருக்குத் தெரியும்.

பர்கூர்ல ஒரு ஜவுளிக்கடைக்குள்ள அஞ்சு நிமிஷம் நின்னுப் பாருங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் காதுல விழும். அதுல எத்தனை பேருக்கு வீட்ல பேசற மொழியை எழுதத் தெரியும்? எனக்குத் தெரியாது. விஜயவாடாவுல தெலுங்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ்வா பேசற தெலுங்கு அது இல்ல. அவங்களுக்கு இப்போ காது மந்தம், ஃபோன்ல பேசினா பாதி புரியறதில்ல.

பொங்கல் லீவுல அவ்வா சொல்ற வார்த்தைகளை மொபைல்ல தமிழ் எழுத்துலயே டைப் பண்ண ஆரம்பிச்சேன். ஹாஸ்டலுக்கு வந்து பார்த்தா ரெண்டு இடத்துல 'கம்ப'ன்னு இருக்கு. ஒண்ணு கூடை, இன்னொண்ணு முள்ளுச் செடி. சொல்லும்போது ஒண்ணுல மெலிசான க, இன்னொண்ணுல அழுத்தமான க. ஆர்மீனியன்ல அதுக்குத் தனித்தனி எழுத்து, தெலுங்குலயும் தனித்தனி எழுத்து. எனக்கு ரெண்டும் தெரியாது, தமிழ்ல இருக்கறது ஒரே க. எது கூடைன்னு அவ்வாவைக் கூப்பிட்டுக் கத்திக் கத்திக் கேக்க வேண்டியதாப் போச்சு.

இப்போ மெலிசா வர்ற எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போடறேன். 43 வார்த்தை ஆகியிருக்கு. ரூம்மேட்டும் அவ அம்மம்மாவுக்காக ஒரு ஃபைல் திறந்திருக்கா. கோடு போடற ஐடியாவை என்கிட்ட இருந்து சுட்டுட்டா.