நால்வர் போதும்

செயலுக்கு ஏற்ற ஆளைத் தேர்தல் அரிது என்பதனாலேயே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். சிறு முதலீட்டுத் திரைப்படத்திற்கும் அது பொருந்தும். 1988இல் வெளிவந்த ‘வீடு’ படத்தில் பாலுமகேந்திரா இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் தாமே ஏற்றார். மூன்றும் அவருக்குக் கைவந்த கலைகள். ஆதலின் ஆள் குறைந்தும் தரம் குறையவில்லை.

2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, 20 பேருக்கு மேல் மாண்டனர். உற்றாரை இழந்த குடும்பங்களைக் குறும்படமாக்க விழைந்த எம் மாணவர், 15 பேர் கொண்ட பட்டியலுடன் எம்மிடம் வந்தனர். துயர் நிறைந்த சிறு வீட்டினுள் இத்துணைப் பேர் நுழைந்தால் எவர் வாய் திறப்பர் என வினவினோம்.

வெடிமருந்து கையாளும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. அவ்வரம்பையே யாமும் கொண்டோம்: இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், அவ்வட்டாரத்துப் பெண் ஒருவர். ஒலிப்பதிவாளரை நீக்கலாம் என்றனர்; யாம் இசைந்திலோம். மங்கிய காட்சியைக் கண் பொறுத்துக்கொள்ளும். தாயொருத்தியின் தழுதழுத்த சொல் தெளிவாகக் கேளாவிடின் படமே வீண். அத்தாய் மனம் திறந்து பேச, அவ்வூர் வழக்கறிந்த பெண்ணொருவர் அருகிருத்தல் வேண்டும்.

ஏனையோர் விடுபடவே பயணச் செலவும் உணவுச் செலவும் சுருங்கின. அதனினும் பெரிய ஊதியம், துன்புற்றோர் முன் அடக்கமாக அமர மாணவர் கற்றதே என்பது எம் துணிபு.