இந்த முறை நானும் வர்றேன்ப்பா!

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு வாரமாக மூன்று டப்பா மக்காச்சோளம் இருக்கிறது. ஒன்றில் இளஞ்சிவப்புச் சாயம். இன்னொன்றில் பூண்டுச் சாறு. மூன்றாவதில் சூரை மீன் டின்னில் இருந்து வடித்த எண்ணெய். மூடியில் ‘சாப்பிடாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தும், என் கணவர் பூண்டுச் சோளத்தில் ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டுவிட்டார். “சுண்டல்ல உப்பு பத்தல” என்று கமென்ட் வேறு. அது மீனுக்கு வைத்திருப்பது!

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் நகரத்தில். மே மாதம் மேட்டூரில் இருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 73. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. “இதுதான் கண்ணு கடைசித் தடவ. இனி இத்தன மணி நேரம் ஏரோப்பிளேன்ல உக்கார முடியாது” என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அக்டோபரில் திரும்பப் போகிறார்.

இங்கே அவருக்குப் பொழுது போவதே இல்லை. விடிகாலை எழுந்ததும் செல்போனில் மேட்டூர் அணை நீர்மட்டம் பார்ப்பார். எவ்வளவு வரத்து, எவ்வளவு திறப்பு என்று காபி குடிக்கும்போது எங்களிடம் ஒப்பிப்பார். ஜூன் 12-ம் தேதி டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாள் என்பதால், அன்றைக்கு முழுக்க போனைக் கீழே வைக்கவில்லை. மற்றபடி சோபா, ஜன்னல், மறுபடியும் சோபா.

மேட்டூரில் அப்பா ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் மண்புழு டப்பாவுமாக அணைக்குக் கீழே ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். டிவிஎஸ் 50-ல் பின்னால் என் அண்ணன், தூக்குப்போசியில் பழைய சோறு. நான் வாசல்படியில் நின்று வண்டி தெரு முனை திரும்பும் வரை பார்ப்பேன். பத்து வயதில் ஒரே ஒரு முறை கேட்டேன், “நானும் வர்றேன்ப்பா” என்று. “பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேல?” என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. மதியம் கெண்டையும் கெளுத்தியுமாக வருவார்கள். புறக்கடையில் அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், நான் தண்ணீர் ஊற்றுவேன். மீன் பிடிப்பதில் என் பங்கு அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது என் மகன், தன் நண்பன் தாஹோ ஏரியில் மீன் பிடித்த கதையைச் சொன்னான். நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: “நாம போலாமாப்பா?” அப்பா தட்டில் இருந்து தலை தூக்கவில்லை. “என்ன மீனு?” என்றார். அந்த வீட்டில் அவர் ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி அது.

மீனின் பெயர் கோக்கனி. கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சாக்கை சால்மன் இருக்கிறதே, அதே இனம்தான். ஆனால், கடலையே பார்க்காமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கிற வகை. தாஹோவில் இது ஆதியில் கிடையாது. 1944-ல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து கடலுக்குப் போகவும் வழியில்லை. ஏரியில் இருந்து வெளியேறும் ஒரே ஆறான ட்ரக்கி, நெவாடாவின் வறண்ட பூமியில் பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. மூன்று, நான்கு வயதானதும் இலையுதிர் காலத்தில் இந்த மீன்கள் செக்கச்செவேல் என்று மாறி, டெய்லர் ஓடையில் கூட்டமாக ஏறி, முட்டையிட்டு, அதோடு செத்துப்போகின்றன.

“அல்லாமே செத்துருமா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா.”

“ஆணுமா?”

“ரெண்டும்தான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அதுவும் நல்லதுதான். ஒண்ணு மட்டும் மிஞ்சி நிக்கறதில்ல பாரு” என்றார். பிறகு உடனே, “எவ்ளோ ஆழம்?” என்று கேட்டார்.

தாஹோவின் அதிகபட்ச ஆழம் 1,645 அடி. அப்பாவுக்கு உலகத்துத் தண்ணீருக்கெல்லாம் அளவுகோல் மேட்டூரின் 120 அடிதான். பேரனின் நோட்டை வாங்கி வகுத்துப் பார்த்தார். “பதிமூணு மேட்டூர ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனாலும் பத்தாது!” ஆனால், கோக்கனி அவ்வளவு கீழே போவதில்லை. அதற்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடுவதால், பெரும்பாலும் 60 முதல் 100 அடியில் நிற்கும் என்றேன். “அப்ப மேட்டூருக்குள்ளதான் நிக்குது” என்று நோட்டை மூடினார். அந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. அத்தனை ஆழத்துக்குத் தூண்டிலை இறக்க டவுன்ரிக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. கம்பியின் முனையில் கனமான ஈயக் குண்டு. அதற்கு மேலே ஒரு கிளிப்பில் நம் தூண்டில் நரம்பை மாட்டி இறக்க வேண்டும். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பில் இருந்து விடுபட்டுக்கொள்ளும். வீடியோவைப் பார்த்த அப்பா, “கெணத்துல வாளி எறக்கற மாதிரி” என்றார். படகு மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல் வேகத்தில் நகர வேண்டும். நம் கோயில் பிராகாரத்தைச் சுற்றும் வேகத்தைவிடவும் கொஞ்சம் குறைவு! நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போக வேண்டும். தூண்டிலுக்கு முன்னால் பளபளப்பான தகடு ஒன்று ஆடிக்கொண்டே வரும்.

அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத விஷயம் ஒன்று இருந்தது. கோக்கனி தின்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிரிகளை. தூண்டில் இரை அதன் சாப்பாடே இல்லை. அந்தத் தகடு எரிச்சலூட்டுவதால்தான் பாய்ந்து கடிக்கிறது என்பது மீன் பிடிப்பவர்களின் நம்பிக்கை. முள்ளில் செருகும் ஒற்றைச் சோள மணி வாசனைக்கு. “பசியில்லாத மீனக் கோவப்படுத்தியா பிடிக்கறது?” என்று இரண்டு நாள் புலம்பினார்.

லைசென்ஸ் விஷயத்திலும் முணுமுணுப்புதான். மேட்டூர் அணையில் வலை போடுகிறவர்கள் உரிமம் வாங்குவது அவருக்குத் தெரியும். “தூண்டிலுக்குமா?” என்றார். கலிஃபோர்னியாவில் 16 வயதானவர்கள் எல்லோருக்கும் வேண்டும். நாளுக்கு மட்டும் என்றும் வாங்கலாம். எங்கள் மூவருக்கும் வாங்கினேன். மகனுக்கு 11 வயது, தேவையில்லை.

முதலில் நாமே வாடகைப் படகு எடுக்கலாம் என்று நினைத்தேன். கோக்கனி நன்றாகக் கடிப்பது விடியும் நேரத்தில். நான் விசாரித்த வாடகைக் கடைகளோ அதற்கெல்லாம் திறப்பதாக இல்லை. பிற்பகலில் காற்று எழும்பி அலை அடிக்கும் என்கிறார்கள். எனக்குப் படகும் ஓட்டத் தெரியாது. படகுக்காரரோடு சேர்த்து அரை நாளைக்கு அமர்த்தினேன். அப்பா முகம் தொங்கிவிட்டது. “எவனோ எல்லாஞ் செஞ்சு குடுப்பான், நாம சும்மா குச்சியப் புடிச்சுட்டு நிக்கறதா?” படகுக்காரருக்குப் போன் செய்து, ஈயக் குண்டை என் அப்பாவே இறக்கலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தாராளமாக என்றார். முள்ளும் இரையும்கூட நாங்களே கொண்டுவரலாமாம். அதனால்தான் ஃப்ரிட்ஜில் சோளம்.

கோக்கனிக்கு வாய் காகிதம் மாதிரி. மீன் கடித்ததும் சுண்டி இழுத்தால் கிழிந்து போய்விடும். அப்பாவோ ஐம்பது வருடமாகச் சுண்டியே பழகியவர். போன ஞாயிற்றுக்கிழமை புறக்கடையில் ஒத்திகை நடத்தினோம். நரம்பின் முனையில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் கட்டி, அதன் மறு முனையை மகன் பிடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுப்பான். அப்பா உடனே சுண்டுவார். டிஷ்யூ கிழியும். ஐந்து முறை கிழிந்தது. “இழுக்காதீங்கப்பா, சும்மா வளைவா வெச்சுக்கங்க” என்று நான் சொன்னதும் கம்பை என் கையில் கொடுத்துவிட்டார், கோபமாகத்தான். நான் பிடித்தேன். மகன் இழுத்தான். கம்பு வளைந்தது, டிஷ்யூ அப்படியே இருந்தது. அப்பா கிழிந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே, “கை நல்லாத்தான் இருக்குது” என்றார்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் இருவரும் முள் கட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடி இல்லாமலே அவர் போடும் முடிச்சு ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி இருந்தது. நான் கேட்டேன்: “என்னை ஏம்ப்பா கூட்டிட்டுப் போகவே இல்ல?”

கட்டியதைக் கீழே வைத்தார். நான் கேட்டதற்கு முந்தைய வாரம் நடந்த ஒன்றைச் சொன்னார். ஆற்றுக்கு நடுவில் பாறை மேல் உட்கார்ந்திருந்தார்களாம். அணையில் தண்ணீர் திறக்கும் சங்கு ஊதியிருக்கிறது. இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன் என்று இருந்ததில், கிளம்பும்போது இடுப்பளவு தண்ணீர். அண்ணன் கால் வழுக்கி அடித்துக்கொண்டு போக, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாராம். “உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. அடுத்த வாரம் நீ வந்து கேக்கற. பயந்துட்டேன் கண்ணு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட மனசில்லை. “அண்ணனை மட்டும் அதுக்கப்புறமும் கூட்டிட்டுத்தானே போனீங்க?”

“அவன் ஆம்பளப் பையன், பயந்தெளியணும்னு நெனச்சேன்.”

“எனக்குப் பயம் தெளிய வேண்டாமா?”

வெகு நேரம் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “அப்பத் தோணல” என்றார்.

அந்த இரண்டு வார்த்தை எனக்குப் போதவில்லை என்பதுதான் உண்மை. ஆனால், அவர் பூசி மெழுகவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. மிச்சம் இருந்த நான்கு முள்ளையும் கட்டி முடித்தோம்.

லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று அதுவரை அடம்பிடித்துக்கொண்டிருந்தார். இங்கே ஓடும் படகில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கண்டிப்பாகப் போட வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. “காவேரில நீஞ்சுனவன் நான்” என்பார். கோடையிலும் தாஹோ தண்ணீர் எவ்வளவு குளிர் என்று சொல்லிப் பார்த்தும் பலன் இல்லை. மறுநாள் காலை நான் கீழே இறங்கி வந்தபோது, லுங்கிக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டு, எல்லாப் பட்டைகளையும் இறுக்கிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். ஏரி 6,225 அடி உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. வழியில் எக்கோ கணவாய் 7,382 அடி. முந்தின நாளே போய் ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும் டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை டப்பாவை இரண்டு செட்டாக எடுத்து வைத்துவிட்டேன். ஐஸ் பெட்டி, ஸ்வெட்டர், மங்கி கேப், புளிசாதம், எலுமிச்சை சாதம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி லைட்டை அணைக்கப் போனபோது அப்பா கூப்பிட்டார். “மீனு கெடச்சா யாரு கழுவறது?”

“நான்தான், வேற யாரு?”

“நீ வேண்டாம். நாங் கழுவறேன்.” அவர் வாழ்க்கையில் ஒரு மீன்கூடக் கழுவியதில்லை. படுத்தவர் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். “இந்த ஊர்ல அடுப்புச் சாம்பலுக்கு எங்க கண்ணு போறது?”

“இதுக்குச் சாம்பல் வேண்டாம்ப்பா, செதிள் ரொம்பச் சின்னது.”

“எதுக்கும் யாரையாச்சும் கேட்டு வெய்யி” என்றார்.