ஹார்ட்ஃபோர்டின் துணைத் தலைவர்

ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் புலம்பல் ஒன்றுதான்: பிழைப்பு எழுத்தைத் தின்றுவிட்டது. இந்தக் கோஷ்டி கானத்தில் நானும் குரல் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் நினைவில் வந்து தொந்தரவு செய்கிறவர் வாலஸ் ஸ்டீவன்ஸ். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒருவர். கனெடிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் துணைத் தலைவரும் அவரே.

1879இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படிப்பு, நியூயார்க்கில் கொஞ்ச காலம் பத்திரிகை வேலை, பிறகு வக்கீல் தொழில். 1916இல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர், 1955இல் கண்ணை மூடும்வரை வேறெங்கும் போகவில்லை.

அவர் பார்த்த வேலை சுவாரசியமானது. ஒரு காண்டிராக்டர் பாலமோ பள்ளிக்கூடமோ கட்டித்தர ஒப்புக்கொள்கிறார். பாதியில் விட்டால் நாங்கள் பொறுப்பு என்று கம்பெனி ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுக்கும். ஆள் நொடித்துப்போனால் விவகாரம் ஸ்டீவன்ஸின் மேஜைக்கு வரும். பணத்தைக் கொடுத்துத் தீர்ப்பதா, வேறு ஆளை வைத்து மிச்சத்தைக் கட்டி முடிப்பதா, கோர்ட்டில் நின்று பார்ப்பதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் துறையில் அவருக்கு நாடளாவிய பெயர். பத்திரத்தின் ஷரத்துகளை அலசிய கண்தான் கவிதையையும் செதுக்கியது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கவிதைகளில் ஆபீஸ் வாடையே கிடையாது. கடலும் பறவையும் பழங்களும் வெயிலும் இருக்கின்றன, பத்திரம் இல்லை.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போவார். நடக்க நடக்க மனத்துக்குள் வரிகள் சேரும். துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்து, ஆபீஸ் ஸ்டெனோவிடம் டைப் அடிக்கக் கொடுப்பார். சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1936இல் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டில் ஹெமிங்வேயுடன் கைகலந்து, அவர் தாடையில் குத்தித் தன் கையையே முறித்துக்கொண்ட ஆசாமி.

முதல் தொகுப்பு ‘ஹார்மோனியம்’ 1923இல் வந்தபோது வயது 44ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகம் விற்கவில்லை. அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். அதன் பிறகு பல வருஷம் ஏறக்குறைய மௌனம். பார்த்தீர்களா, உத்தியோகம் கொன்றுவிட்டது என்பார்கள். அப்படியானால் 1934இல் துணைத் தலைவர் பதவி வந்ததும் அவர் ஒரேயடியாக ஓய்ந்திருக்க வேண்டும். மறு வருஷமே இரண்டாவது தொகுப்பு வந்தது. பிறகு கடைசிவரை நிற்கவில்லை. நாற்காலி உறுதியானதும் கை அவிழ்ந்துகொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐரோப்பாவுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. தூரதேசங்களைத் தபாலில் வரவழைத்தார். 1937இல் இலங்கையிலிருந்த லெனார்ட் வான் கெய்ஸல் என்பவருக்கு எழுதி, கிறிஸ்துமஸுக்கு அந்த ஊர்ச் சாமான்களை வாங்கி அனுப்பச் சொன்னார். அப்படி ஹார்ட்ஃபோர்டு வந்தவற்றில் ஒரு புத்தர் சிலையும் உண்டு. கற்பனையைக்கூட ஆர்டர் கொடுத்துத் தருவித்த இந்த வியாபார புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுபது வயது தாண்டியும் அவர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில், ஓராண்டு வந்து கவிதை பற்றிப் பேசுங்கள் என்று ஹார்வர்டு அழைத்தது. எந்தக் கவிஞனும் பெட்டி கட்டியிருப்பான். அவர் மறுத்துவிட்டார். அவ்வளவு நாள் லீவு போட்டால் அதையே சாக்காக வைத்து ஓய்வு கொடுத்துவிடுவார்களோ என்று பயம்! 1955இல் புலிட்சர் பரிசு வந்தது, ஆகஸ்டில் இறந்தார்.

பின்னாளில் பீட்டர் பிரேசோ என்பவர் அவரோடு பழகியவர்களைத் தேடிப் பேட்டி கண்டு, 1983இல் புத்தகமாக்கினார். கவிதையெல்லாம் நமக்கு எட்டாது என்று ஒளிக்காமல் சொன்ன சக ஊழியர்கள் உண்டு. ஜாமீன் விவகாரத்தில் அவர் கெட்டிக்காரர் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை.